ஐயாவைத் தொட்டால் ஆம்புலன்ஸ்

நான் ஓய்வு பெற்றுக் கிளம்பிய மறு வாரமே எங்கள் ஆபீஸில் புதுக் கருவி ஒன்று வாங்கிவிட்டார்கள். "ஒரு ஆஸ்பத்திரிக்கு வெப்சைட் வேணும்" என்று அதற்குச் சொன்னால் போதும், காபி ஆறுவதற்குள் பக்கம் பக்கமாக வரைந்து தள்ளிவிடுகிறதாம். நான் இருந்தவரை வாங்காமல், போனதும் வாங்கியதில் உள்நோக்கம் எதுவும் கிடையாது என்று எச்.ஆர். பெண் போன் போட்டு விளக்கம் வேறு சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். அதனால் முழுசாக நம்பிவிட்டேன்.

போன வாரம் அதே ஆபீஸிலிருந்து பசங்க கூப்பிட்டார்கள்.

"அக்கா, அந்த டூல் சூப்பரா வரைஞ்சு குடுக்குது. ஆனா கிளையன்ட் ஒத்துக்கவே மாட்டேங்கறார். எங்க மாமனார் போட்டோ எங்கன்னு கேக்கறார். இதுக்கெல்லாம் நீங்க என்னக்கா பண்ணுவீங்க?"

எனக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. உலகத்தில் உள்ள அத்தனை வெப்சைட்டையும் படித்துவிட்டு வந்த கருவிக்கு, ஒரு மாமனாரை எங்கே உட்கார வைப்பது என்று தெரியவில்லை. "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்கக்கா, படிச்சுக்கறோம்" என்றார்கள். இதே பசங்களிடம் இதையெல்லாம் நேரில் சொன்னபோது காதில் ஹெட்போன் இருந்தது. பரவாயில்லை, எழுதுகிறேன்.

என் தொழில் கல்வி ரொம்பச் சுருக்கம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் வேலையில் சேர்ந்தேன். குலதெய்வம் மேலே, அதற்குக் கீழே தாத்தா பாட்டி, அதற்குக் கீழே பெற்றோர், நல்வரவை விரும்பும் தாய்மாமன் இடப்பக்கம். ஒரு சித்தப்பாவின் பெயர் ஒரு வரி கீழே இறங்கிவிட்டதற்காக அச்சடித்த பத்திரிகை மொத்தத்தையும் எரித்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வெப் டிசைன் படித்தேன், மேடவாக்கத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். பின்னாளில் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து "விஷுவல் ஹைரார்க்கி" என்று இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். சித்தப்பா விவகாரத்தைத்தான் இங்கிலீஷில் சொல்கிறார் என்று முதல் அரைமணியிலேயே புரிந்துவிட்டது. மீதி நேரம் பிஸ்கட் நன்றாக இருந்தது.

கம்ப்யூட்டர் திரையில் வேலை செய்த காலம் பொற்காலம். திரை அகலமானது. கல்யாணப் பந்தி மாதிரி எல்லாரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிடலாம். இடப்பக்கம் சேர்மன் படம், நடுவில் செய்தி, வலப்பக்கம் போன் நம்பர். யாரும் யாருக்கும் கீழே இல்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இலை போட்டாயிற்று.

அப்புறம் ஜனங்கள் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு எல்லாவற்றையும் போனிலேயே பார்க்க ஆரம்பித்தார்கள். "இனிமே மொபைல் ஃபர்ஸ்ட்" என்று எங்கள் ஆபீஸ் சுவரில் பெரிய போஸ்டர் ஒட்டினார்கள். அதாவது, முதலில் போன் திரைக்கு வரைய வேண்டும், பிறகுதான் கம்ப்யூட்டருக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போன் திரையில் பந்தி கிடையாது. ஒரே ஒரு ஆள் நிற்கிற அகலம்தான். ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருத்தர் பின்னால் ஒருத்தர்தான் நிற்க முடியும். அப்படியானால் யாரோ ஒருவர் முதலில் நிற்க வேண்டும், யாரோ கடைசியில் நிற்க வேண்டும். கோவில் திருவிழாவில் முதலில் யாருக்குப் பரிவட்டம் கட்டுவது என்று கோர்ட்டுக்குப் போகிற ஊரில் இதை எப்படிச் செய்வது என்று அந்தப் போஸ்டரில் எழுதவில்லை.

முதல் அடி ஒரு பள்ளிக்கூடத்தில் வாங்கினேன். மழைக்காலம். காலையில் எழுந்ததும் அந்தப் பக்கத்துப் பெற்றோர் அத்தனை பேருக்கும் ஒரே கேள்விதான்: இன்றைக்கு ஸ்கூல் உண்டா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ள போனில் பள்ளியின் பக்கத்தைத் திறந்தால், முதலில் தாளாளர் சிரிப்பார். பிறகு அவர் செய்தி. பிறகு தாளாளரின் மனைவி. பிறகு அவர் செய்தி. எங்கோ அடியில் லீவு. நான் லீவு அறிவிப்பைத் தூக்கி உச்சியில் வைத்துக் காட்டினேன்.

தாளாளர் முகம் சுருங்கிப் போயிற்று. "பள்ளிக்கூடம்னா லீவுதானாம்மா முதல்ல ஞாபகம் வரணும்?"

"மழைக்காலத்துல மட்டும் சார்" என்றேன். மழைக்காலத்துக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். கோடை முழுக்க மறுபடி சிரித்தார்.

இப்போது எங்கள் மேனேஜர் குணசேகரன் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களிடம் வருவதற்கு முன் மருந்துக் கம்பெனி ரெப்பாக ஊர் ஊராக அலைந்தவர். டாக்டர்களிடம் காத்திருந்து காத்திருந்து, எதிரில் இருப்பவரிடம் 'முடியாது' என்று சொல்லும் நரம்பே அவருக்கு அறுந்துபோயிருந்தது. கிளையன்ட் எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம் சார்" என்பார். பக்கத்தைத் திறந்ததும் சுப்ரபாதம் பாட வேண்டுமா? பண்ணிடலாம் சார். லோகோ சுற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா? பண்ணிடலாம் சார். அப்புறம் ஆபீஸுக்கு வந்து, சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "என்ன அமுதா பண்றது இப்ப?" என்று என்னைக் கேட்பார்.

ஆனால் அவரிடம் ஒரு வித்தை இருந்தது. அதற்காக இன்றும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். வேறு எந்தக் கம்பெனியிலும் நான் பார்க்காத நடைமுறை அது. எந்தப் பக்கத்தையும் அவர் ஏசி அறையில் பார்த்து ஒப்புக்கொள்ள மாட்டார். உச்சி வெயிலில் எங்கள் எல்லாரையும் மேடவாக்கம் மெயின் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஒவ்வொருவர் இடது கையிலும் கனமான பை ஒன்றைக் கொடுப்பார். பையில் என்ன இருக்கும்? ஆபீஸின் பழைய கீபோர்டுகள். கண்ணாடி போட்டவர்கள் கழற்றிவிட வேண்டும். ஆபீஸ் வைஃபையை அணைக்க வேண்டும். போனின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். விலை உயர்ந்த போனுக்கு அனுமதி கிடையாது. திரையில் விரிசல் விழுந்த போன் இருந்தால் அதற்கு முன்னுரிமை. இப்போது வலது கட்டைவிரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவர் சொல்வதை அந்தப் பக்கத்தில் கண்டுபிடிக்க வேண்டும். "டிக்கெட் போடு." "போன் நம்பரை எடு." "கடை திறந்திருக்கான்னு பாரு."

பக்கத்தில் லாரி ஹாரன் அடிக்கும். வியர்வை திரையில் சொட்டும். பையும் போனுமாக வரிசையில் நிற்கிற எங்களைப் பார்த்து ஷேர் ஆட்டோக்கள் நின்று நின்று போகும். "தாம்பரம், தாம்பரம், ஏறும்மா" என்று ஒரு டிரைவர் என் பையையே வாங்கி உள்ளே வைத்துவிட்டார். வரைந்தவரே வெயிலில் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அந்தப் பக்கம் தோற்றது. குணசேகரன் சார் ஒன்றும் திட்ட மாட்டார். "ஜனங்க இப்படித்தாம்மா நிக்கறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீபோர்டுகளை வாங்கிக்கொள்வார். பெங்களூர்க்காரர் இரண்டு நாளில் சொன்னதைவிட இது எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது.

இந்த இரண்டு குணமும், அதாவது வெயிலில் காட்டிய கறாரும் கிளையன்டிடம் காட்டிய கனிவும், ஒரே வேலையில் மோதிக்கொண்ட கதைதான் நான் சொல்ல வந்தது.

மாடம்பாக்கம் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அந்தக் கிராமத்தின் பழைய விவசாயக் குடும்பம். நிலத்துக்கு விலை ஏறி, சுற்றிலும் எல்லாரும் அபார்ட்மென்ட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தபோது, ஊரே 'ஐயா' என்று கூப்பிட்ட அந்த வீட்டுப் பெரியவர் மட்டும் ரோட்டோரத்து நிலத்தில் ஆஸ்பத்திரி கட்டினார். அவர் காலமான பிறகு மூன்று மகன்கள் சேர்ந்து நடத்தினார்கள். மூத்தவர் ஏகாம்பரம்தான் எல்லாவற்றுக்கும் தலை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் அப்பா படம். நடு மருமகள் டாக்டர் மங்கை. எமர்ஜென்சி வார்டு முழுக்க அவர் பொறுப்பு.

வெப்சைட் ஏற்கெனவே ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. இடப்பக்கம் முழு நீளத்துக்கு ஐயா, மாலையோடு. வலப்பக்கம் எமர்ஜென்சி நம்பர். ஆனால் போனில் திறந்தால் இடப்பக்கத்து ஆள்தான் முதலில் வருவார், அதுதான் விதி. திரை நிறைய ஐயா. கீழே தள்ளினால் அவர் மனைவி. தள்ளினால் ஏகாம்பரம். தள்ளினால் தம்பிகள், வயது வரிசையில். தள்ளினால் திறப்பு விழாவுக்கு வந்த அமைச்சர். அவரையும் தாண்டும் பொறுமை இருந்தால் எமர்ஜென்சி.

டாக்டர் மங்கை தானே எங்கள் ஆபீஸுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"பேஷன்ட்டைத் தூக்கிட்டு வர்றவங்க எல்லாம் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்றாங்க. நம்பர் கிடைக்கல மேடம்னு. போன் பண்ணியிருந்தா ஆம்புலன்ஸ்லயே ஆக்ஸிஜன் குடுத்துக் கூட்டிட்டு வந்திருப்பேன். ஆட்டோல, பைக்ல நடுவுல உக்கார வச்சு கொண்டு வர்றாங்க. எனக்கு டிசைன் எல்லாம் தெரியாது. அந்த நம்பர் முதல்ல வரணும். அவ்வளவுதான்."

அன்றைக்கே வெயில் பரீட்சை வைத்தோம். நம்பரை எடுக்கச் சொன்னார் குணசேகரன் சார். ஐயாவின் படம் இறங்குவதற்கே பெரும்பாடு பட்டது. பாதி பேர் அமைச்சரோடு நின்றுவிட்டோம்.

நான் புதுப் பக்கம் வரைந்தேன். உச்சியில் சிவப்பில் ஒரு பெரிய பொத்தான்: 'எமர்ஜென்சிக்கு அழைக்க'. அதற்குக் கீழே, ஆஸ்பத்திரிக்கு வழி. அதற்கும் கீழே மற்றதெல்லாம். எடுத்துக்கொண்டு ஏகாம்பரத்தைப் பார்க்கப் போனோம், மங்கையும் கூட வந்தார். போனை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்பா எங்க கீறாரு?"

"கீழ இருக்கார் சார். கொஞ்சம் தள்ளினா வருவார்."

"அப்பாவக் கீழ தள்ளிட்டியா?"

அந்த அறையில் ஏசி இருந்தும் குணசேகரன் சாருக்கு வியர்த்துவிட்டது. நான் சமாளித்துப் பார்த்தேன். "சார், மூச்சு முட்டுற நேரத்துல ஜனங்க நம்பரைத்தான் தேடுவாங்க."

"இன்னாம்மா பேசுற நீ? அவரு நெலம் இது. கோடி ரூபா தரேன்னு வந்தானுங்க, குடுக்காம ஆஸ்பத்திரி கட்னாரு. அவரு தலைக்கு மேல ஒரு நம்பர் ஏறி நிக்கணுமா? நாளைக்கு ஊர்ல எவனாவது இத்தப் பார்த்தா என்னை இன்னா கேப்பான்?"

அவர் அகங்காரத்தில் பேசவில்லை, அதுதான் பிரச்சினை. கண் கலங்கியிருந்தது. அகங்காரம் பிடித்த கிளையன்ட்டை எனக்குச் சமாளிக்கத் தெரியும். அப்பாவை நினைத்து அழுகிற கிளையன்ட்டை என்ன செய்வது? மங்கை வாயைத் திறக்கப் போனார். மூத்தார் முன்னால் பேசிப் பழக்கமில்லாமல் மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஊரையே அதட்டுகிற பெண்மணி அவர்.

அப்போதுதான் எங்கள் குணசேகரன் சாருக்கு ஞானம் பிறந்தது.

"சார், ஒண்ணு பண்ணிடலாம். அப்பா மேலயே இருக்கட்டும். அப்பாவையே பொத்தானா ஆக்கிடலாம். அவரு படத்தைத் தொட்டா எமர்ஜென்சிக்குப் போன் போகும். அப்பாவே கூப்பிட்டு அனுப்பின மாதிரி."

ஏகாம்பரம் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா கையில உசுரு" என்று சொல்லி நிஜமாகவே அழுதுவிட்டார். நான் குணசேகரன் சாரைப் பார்த்தேன். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படத்தைத் தொடணும்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மங்கை என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் படத்தின் மேல் பட்டையாக எழுதினோம்: 'அவசரத்துக்கு ஐயாவைத் தொடவும்'. என் தொழில் வாழ்க்கையில் நான் எழுதிய வாசகங்களிலேயே இதை மட்டும் என் வீட்டில் யாரிடமும் காட்டவில்லை.

வெயிலில் நின்று பார்த்தோம். வருத்தமான விஷயம், பக்கம் பாஸ் ஆகிவிட்டது. படத்தின் கனத்தைக் குறைத்திருந்தோம், சட்டென்று வந்தது. கட்டைவிரலை எங்கே வைத்தாலும் ஐயாதான். தொட்டால் போனில் ஆஸ்பத்திரி நம்பரும் பச்சைப் பொத்தானும் வரும், பச்சையை அழுத்தினால் எமர்ஜென்சி மேஜையில் மணி அடிக்கும். குணசேகரன் சார் அன்று எங்களுக்கெல்லாம் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். அடுத்த சில வாரங்களில் எமர்ஜென்சிக்கு நிஜமாகவே அழைப்புகள் வந்தன. மங்கைகூடப் போனில், "பரவால்லீங்க, வேலை செய்யுது" என்றார். தொழிலில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு ஐயாவின் நினைவு நாள் வந்தது.

வருஷா வருஷம் ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் போட்டு ஊருக்கே சாப்பாடு போடுவார்கள். எங்களையும் அழைத்திருந்தார்கள். குணசேகரன் சாரும் நானும் போயிருந்தோம். உள்ளே நுழைகிறபோதே ஏகாம்பரம் பூரிப்போடு வரவேற்றார். சாம்பார் வாளி அவர் கையிலேயே இருந்தது.

"நம்ம வெப்சைட்ட எல்லா வாட்ஸப் குரூப்புக்கும் அனுப்பிட்டேன்மா. ஐயாவ வணங்க இங்க வாங்கன்னு போட்டு. பங்காளிங்க, சம்பந்தி வூடு, வெளிநாட்ல கீற பசங்க வரைக்கும் பார்த்துக்கினு கீறாங்க."

இலையில் உட்கார்ந்தோம். எனக்கு எதிரே ஒரு பெரியம்மா, சாம்பார் வரும்வரை போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். மாலையோடு ஐயா வந்தார். பெரியம்மா என்ன செய்தார்? சாமி படத்தைக் கண்டால் நாம் எல்லாரும் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தார். விரல் நுனியால் ஐயாவின் காலைத் தொட்டார், தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திரையில் பச்சைப் பொத்தான் வந்தது. பெரியம்மா அதையும் பக்தியோடு அழுத்தினார்.

என் வாயில் இருந்த அப்பளம் அப்படியே நின்றது. பந்தலைச் சுற்றிப் பார்த்தேன். அந்த இலையில் ஒருத்தர், இந்த இலையில் ஒருத்தர், தூண் ஓரத்தில் நின்று ஒருத்தர், எல்லாரும் தொட்டு ஒற்றிக்கொண்டிருந்தார்கள். வெயில், பை, விரிசல் விழுந்த திரை, எல்லாவற்றையும் யோசித்த எங்களுக்கு, மாலை போட்ட படத்தை நம் ஜனம் தொட்டுக் கும்பிடும் என்று தோன்றவில்லை. இலையை விட்டு எழுந்து எமர்ஜென்சிக்கு ஓடினேன்.

மேஜையில் இருந்தது ஒரே ஒரு செல்போன். நர்ஸ் ஒருத்தி அதோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"எமர்ஜென்சி, சொல்லுங்க... யாரும்மா?... இல்லம்மா, அன்னதானத்துக்குப் பேர் குடுக்கறது இங்க இல்ல... வைங்கம்மா... எமர்ஜென்சி, சொல்லுங்க... ஐயா பேச மாட்டாருங்க, இது ஆஸ்பத்திரி... வைங்க சார்!" வைத்த மறுகணம் மறுபடி மணி. "காலைலேர்ந்து இதேதான் மேடம்" என்று அவள் என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள்.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. விடாமல் அடித்த ஹாரன். பந்தலுக்கு நடுவே, இலைகளை மிதித்துக்கொண்டு ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஒரு பெண், உட்கார முடியாமல் முன்பக்கம் சாய்ந்திருந்தாள். தோள் எம்பி எம்பி இறங்கியது. உதடு நீலமாக இருந்தது. மூச்சு இழுக்கிற சத்தம் பந்தல் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவள் புருஷன் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கினான்.

மங்கை சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு ஓடிவந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது, கதவு மூடியது. புருஷன் மட்டும் வெளியே நின்றான். கையில் போன். திரையில் ஐயா.

ஏகாம்பரம் வாளியோடு வந்து, "இன்னாப்பா, ஒரு போன் பண்ணக் கூடாதா? ஆம்புலன்ஸ் அனுப்பிருப்போமே" என்றார்.

அந்த ஆள் அவரை ஏற இறங்கப் பார்த்தான். குரல் உடைந்துபோயிருந்தது.

"பண்ணலியா? பெருங்களத்தூர்லேர்ந்து பண்ணிக்கினே வரேன் சார். எங்கேஜு, எங்கேஜு, எங்கேஜு. என் பொண்டாட்டி மூச்சு வுட முடியாம என் சட்டையப் புட்சிக்கினு கீறா. எத்தினி வாட்டி சார் உங்கப்பன் மூஞ்சியத் தொடறது?"

இந்த ஊரில் இருந்துகொண்டு ஐயாவை இப்படிப் பேசியவன் அன்றுவரை ஒருத்தனும் இல்லை. தம்பிகள் இரண்டு பேரும் முன்னால் வந்தார்கள். ஏகாம்பரம் கையை நீட்டி அவர்களைத் தடுத்தார். உள்ளே நர்ஸின் குரல் கேட்டது: "அன்னதானத்துக்குப் பேர் இங்க இல்லம்மா." ஏகாம்பரம் அதையும் கேட்டார். அவருக்கு எப்போது புரிந்தது என்று அவர் முகத்திலேயே எனக்குத் தெரிந்தது. வாளியைக் கீழே வைத்தார்.

கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பெண் பிழைக்காவிட்டால், 'அவசரத்துக்கு ஐயாவைத் தொடவும்' என்ற வாசகம் என் சாவு வரை என்னோடு வரும் என்று மட்டும் தோன்றியது. குணசேகரன் சார் சுவரில் சாய்ந்து நின்றார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ. மங்கை வெளியே வந்தார். முழங்கைவரை சாம்பார் காய்ந்திருந்தது.

"மூச்சு வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா நான் உங்களுக்கு வேற விஷயம் சொல்லியிருப்பேன்" என்று அந்தப் புருஷனிடம் சொன்னார். பிறகு முதல் தடவையாக மூத்தாரை நேருக்கு நேர் பார்த்தார். "மாமா, நம்பர் மேல வரணும்."

ஏகாம்பரம் என் பக்கம் திரும்பினார். "இப்பவே மாத்த முடியுமா?"

குணசேகரன் சார் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "முடியும் சார்." முடியும்தான், ஆனால் எப்படி? வெப்சைட்டை மாற்றுவதற்கு என்று எங்கள் கம்பெனியே செய்து வைத்திருந்த நிர்வாகப் பக்கத்தை என் போனில் திறந்தேன். அது கம்ப்யூட்டருக்கு மட்டும் செய்தது. பாதிப் பக்கம் திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, 'சேமி' என்ற பொத்தான் எங்கே என்று கடவுளுக்கே வெளிச்சம். ஊருக்கெல்லாம் மொபைல் ஃபர்ஸ்ட், எங்களுக்கு மட்டும் மேஜை நாற்காலி. திட்டிக்கொண்டே ஆபீஸில் இருந்த டெவலப்பர் ஷாகுலைக் கூப்பிட்டேன்.

"ஷாகுல், அந்த ஆஸ்பத்திரிப் பக்கம். படத்துல இருக்கிற லிங்கை எடுத்துடு. நான் முதல்ல வரைஞ்ச சிவப்புப் பொத்தானை உச்சியில போடு. படத்தைக் கீழ இறக்கு."

"எவ்ளோ கீழ மேடம்?"

ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"எல்லாத்துக்கும் கடைசியில" என்றார். பிறகு ஒரு கணம் யோசித்தார். "அப்பாவுக்குக் கீழ எம்படம் வரணும். எனக்குக் கீழதான் தம்பிங்க. வரிசை மாறக் கூடாது, சொல்லிடு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அதையும் ஷாகுலிடம் சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பக்கத்தின் அடிவாரத்தில் அந்தக் குடும்பம் வயது வரிசை தவறாமல் நிற்கிறது. பங்காளிகளைத் தவிர அங்கே யாரும் போவதில்லை. அவர்கள் எத்தனை தடவை தொட்டுக் கும்பிட்டாலும் ஒரு மணியும் அடிக்காது.

ஷாகுல் "போட்டாச்சு மேடம்" என்றதும், சரிபார்க்க ஒரு போன் வேண்டும். என்னுடையது அவனோடு பேசிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அந்தப் புருஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, ஒரு நிமிஷம். அந்தப் பக்கத்தை மறுபடி தொறந்து பாருங்க. சிவப்பா ஏதாவது வருதா?"

சலிப்போடு திறந்தான். வந்தது. ஐயா இல்லை, சிவப்புப் பொத்தான் மட்டும். "அழுத்துங்க" என்றேன். அழுத்தினான், பச்சையையும் அழுத்தி, பழக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

பத்தடி தள்ளி மேஜையில் மணி அடித்தது. அந்த நர்ஸ் இன்னொரு பங்காளி என்று நினைத்து அலுப்போடு எடுத்தாள்.

"எமர்ஜென்சி, சொல்லுங்க."

அவளை நேராகப் பார்த்தபடி, போனைக் காதிலிருந்து எடுக்காமல், குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான். மேஜை மேல் குனிந்திருந்த அவளுக்கு, எதிர் பெஞ்சில் இருப்பவன்தான் அழைத்தவன் என்று தெரியாது.

"சார், அழாதீங்க, பேசுங்க. எங்க இருக்கீங்க? வண்டி இப்பவே கிளம்புது சார்."